வாணமும் காகிதமும்

தீபாவளிக்கு மறுநாட் காலையில் ஆதம்பாக்கத்துத் தெருக்களில் நடந்து செல்வோர் தம் காலடியிற் கிடக்கும் காகிதத் துணுக்குகளைக் குனிந்து நோக்குதல் அரிது. பெருக்குவோர் வருமுன் ஒருமுறை நோக்கிப் பார்த்தல் நன்று. மேலே கிடப்பன செந்நிறமும் பச்சைநிறமும் ஊட்டப்பெற்ற மெல்லிய தாள்கள். அவற்றைப் புரட்டினால் உள்ளே பழுப்புத் தாளும், செய்தித்தாளின் பகுதியும், யாரோ ஒரு மாணவன் எழுதிய கணக்கின் பாதியும் தென்படும். ஒரு துணுக்கில் தெலுங்கெழுத்து. மற்றொன்றில் ஆசிரியர் சிவப்பு மையால் இட்ட பிழைக்குறி. இவ்வளவு வேறுபட்ட தாள்கள் ஒரு விரலளவான வெடிக்குள் வந்து சேர்ந்தது எவ்வாறு? மரமும் மண்ணும் தகரமும் இருக்க, எளிதிற் கிழியும் காகிதத்தை வெடிக்குக் கூடாகக் கொண்டது எதன் பொருட்டு? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

வாணத்தினுள் இடப்படும் மருந்தைப்பற்றி ஈண்டு ஒன்றும் கூறப்போவதில்லை. அதனை உரிமமின்றிச் செய்தல் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்தாலும், அதன்கீழ் 2008-இல் வகுக்கப்பட்ட விதிகளாலும் தடுக்கப்பட்ட செயல். நாம் பேசுவது அம்மருந்தின் சட்டையைப்பற்றி மட்டுமே. சட்டையை ஆராய்ந்தாலே, வீட்டில் வெடி செய்யப் புகுவோன் எத்துணைப் பெரிய அறியாமையோடு புகுகின்றான் என்பது தானே விளங்கும்.

காகிதத்திற்கு முன்னர் வேறு கூடுகள் இருந்தன. சீனர்கள் பட்டாசைக் குறிக்க இன்றும் வழங்கும் சொல்லில் மூங்கில் என்னும் பொருள் அடங்கியுள்ளது. பசுமூங்கிலை நெருப்பிலிட்டால் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் நீராவியும் பெருகி ஓசையோடு பிளக்கும். மருந்து கண்டறியப்படுவதற்கு முன்பே அவர்கள் கொண்டாடிய வெடி அதுவே. பின்னர் மருந்து வந்தது. மூங்கிலின் இடத்தைச் சுருட்டிய காகிதம் பற்றிக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் நாட்டில் 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதாக எழுதியுள்ளார். ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரரின் பெயரால் வழங்கும் ‘கௌதுகசிந்தாமணி’ என்னும் வடமொழி நூல் வாணங்களைக் கூறுமிடத்து மூங்கிற் குழலைக் குறிக்கின்றது.

தமிழ்நாட்டில் மூங்கிலைவிட நெருங்கிய பொருள் ஒன்று உண்டு, அது பனையோலை. ஓலைநறுக்கை முக்கோணமாக மடித்துச் செய்யும் ஓலைவெடியைத் தென்மாவட்டத்தார் நன்கறிவர். நம் முன்னோர் நூல் எழுதியதும் ஓலையில். வெடி மடித்ததும் ஓலையில். ஏட்டுச்சுவடி போய்ப் புத்தகம் வந்தாற்போலவே, ஓலைவெடிக்கு அடுத்துக் காகிதவெடியும் வந்தது. எழுதுவதற்குக் காகிதம் மலிந்த ஊரிலேதான் வெடிக்கும் காகிதம் மலியும்.

நிற்க. கூடு இன்னதாயின் வாணம் இன்னதாகும் என்பதை இரும்பு காட்டிக்கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தம் ஏவுவாணங்களைக் கனத்த காகித அட்டைக் குழலிற் செய்துவந்தனர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூரிலோ குழல் இரும்பினாலாயிற்று. இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆதலின் அவ்வாணம் மிகுந்த தூரம் சென்றது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் இவ்வாணங்கள் ஆங்கிலேயப் படையைக் கலக்கின. அப்படையின் மருந்துவண்டிகள் தீப்பற்றி வெடித்ததற்கும் இவையே காரணமென்பர். பின்னர் வில்லியம் காங்கிரீவ் என்பார் 1804-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆராய்ச்சி தொடங்கி, மைசூர் வாணத்தைப் பின்பற்றி இரும்புக் குழலையே மேற்கொண்டார். ஆதம்பாக்கத்தார் கண்முன் நிற்கும் பரங்கிமலை, சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக நெடுங்காலம் இருந்தது. இக்கதை நமக்கு அயலூர்க் கதையன்று.

போருக்கு வேண்டியது தாங்கும் கூடு; திருவிழாவுக்கு வேண்டியதோ தக்க வேளையில் தோற்கும் கூடு. இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்தவனுக்கு மற்றவை எளிதில் விளங்கும். காகிதக்கூடு ஒரு கணம் தடுத்து நிற்கின்றது, பின்பு கிழிகின்றது. அவ்வாறு கிழிதலாற் பிறக்கும் காற்றதிர்ச்சியே நாம் கேட்கும் ஓசை. கிழிந்த காகிதத் துணுக்கு இலேசானது; காற்று அதனை விரைவில் தடுத்து நிறுத்திவிடும்; சில முழத்துக்கு அப்பால் அது வெறும் குப்பை. அதே அளவு மருந்தைத் தகரக்குவளையிலோ கண்ணாடிக் குப்பியிலோ அடைத்துவிட்டால், சிதறும் ஒவ்வொரு சில்லும் கூரிய ஆயுதமாகின்றது. மண்ணாற் செய்த புஸ்வாணச் சட்டிகள் சிலவேளை பூச்சொரியாமல் வெடித்து ஓடு தெறிக்கும் என்பதைப் பழையவர் அறிவர். அவ்விடத்தை இக்காலத்தில் பெரும்பாலும் காகிதக் கூம்பு பெற்றுள்ளது. மலிவு ஒரு காரணமேயாயினும், தோற்கும்போது ஊறு குறைவாய்த் தோற்பது என்பதே காகிதத்தின் முதற் சிறப்பு.

இனிக் காகிதத்தின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். காகிதம் என்பது நார்களின் பின்னல். ஆலையில் நார்க்கூழ் ஓடும் வலையின்மீது ஊற்றப்படுகின்றது. வலை ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். ஆதலின் ஆலைக்காகிதத்துக்கு மரத்தைப்போல் ஒரு நெறி உண்டு. அந்நெறியின் வழியே இழுத்தால் அது தாங்கும் வலிமை, குறுக்கே இழுத்தால் தாங்கும் வலிமையினும் மிகுதி. பல தாள்களில் ஏறக்குறைய இருமடங்கு. கையாற் செய்யும் காகிதத்தில் நார்கள் எத்திசையும் கிடப்பதால் இவ்வேறுபாடு தோன்றாது.

இதனை மாணவர்கள் செலவின்றிச் சோதித்தறியலாம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேர்கோடாகக் கிழியும்; பக்கவாட்டிற் கிழித்தால் கோணலாக ஓடும். அஞ்சலட்டை அளவாக ஒரு சதுரத்தாள் வெட்டி, அதன் ஒரு முகத்தை மட்டும் ஈரத்துணியால் தடவுக. தாள் உடனே சுருளும். சுருளின் குழல் எத்திசையில் நீண்டு கிடக்கின்றதோ அதுவே நெறியின் திசை. நார் நனையும்போது நீளத்தில் மிகுதியும் நீளாமல் பருமனிற் பருக்கின்றது என்பதே இதற்குக் காரணம். இவ்வாறு நெறி கண்ட தாளில் ஒரேயளவான இரு துண்டுகள் வெட்டி, ஒன்றை நெறி நெடுக்காகவும் மற்றொன்றை நெறி சுற்றாகவும் அமையும்படி பென்சிலின்மேற் சுருட்டிப் பாருங்கள். முன்னது இணங்கிச் சுருளும், பின்னது முரண்டுபிடிக்கும்.

ஆனால், பௌதிகம் படித்தவர் அறிவதொன்று உண்டு. இருமுனையும் மூடிய மெல்லிய குழலின் உள்ளே அழுத்தம் ஏறும்போது, அதன் சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கும் தகைவு, நெடுக்குவாட்டில் இழுக்கும் தகைவைப்போல் இருமடங்கு. குழல் நீளவாக்கிற் பிளப்பது அதனாலேதான். ஆகவே வலிமை வேண்டுவோன் நெறியைச் சுற்றாக வைக்க விரும்புவான். சுருட்டும் கையோ நெறியை நெடுக்காக வைக்க விரும்பும். எளிமையும் வலிமையும் எதிரெதிர் நின்று வழக்காடும் இவ்விடத்தில் எவ்வளவு வலிமை வேண்டும், எவ்வளவு போதும் என்பதைத் தீர்ப்பது தொழிற்சாலையின் நெடுங்காலப் பழக்கமும் சோதனையுமேயன்றி ஊகமன்று. ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வாணத்தின் இயல்பு மாறும். பூச்சொரிய வேண்டியது வெடிக்கும். வெடிக்க வேண்டியது புகைந்து கிடக்கும். புகைந்து கிடப்பதே இரண்டினுள் கொடியது. ஏனெனில் அதனை எடுத்துப் பார்க்க ஒரு சிறுவன் கை நீட்டுவான்.

கனத்த தாள் ஒருசுற்றை விட மெல்லிய தாள் பல சுற்று மேலானது என்பது சுருட்டுவோர் கொள்கை. ஒரு சுற்றிலுள்ள ஓட்டையை அடுத்த சுற்று மறைத்துவிடும்.

தாள்களின் சாதி பல. செய்தித்தாள் சதுர மீட்டருக்கு 45 முதல் 50 கிராம் எடையுள்ளது, மரத்தை இயந்திரத்தால் அரைத்த கூழ் மிகுதியும் கலந்தது, நார் குறுகியது, வெயில் பட்டால் சில நாட்களிற் பழுக்கும், நாளடைவில் நொறுங்கும். மலிவே அதன் தகுதி. பள்ளிக் குறிப்பேட்டுத் தாள் அதனினும் சிறிது உறுதியானது. யாவற்றினும் உறுதியுடையது நம் கடைக்காரர் ‘கிராஃப்ட்’ என்று கூறும் பழுப்புத் தாள். 1879-இல் டான்சிக் நகரத்தில் கார்ல் டால் என்னும் இரசாயன அறிஞர் கண்ட முறையால் மரக்கூழைச் சமைத்தபோது நார்கள் நீளமாகவும் சிதையாமலும் கிடைத்தன. ஜெர்மானிய மொழியில் அப்பெயருக்கு வலிமை என்பதே பொருள். வெளுக்கப்படாமையால் அது பழுப்பாயிருக்கின்றது. பலர் எண்ணுவதுபோல் தாழ்ந்த தாளாதலால் அன்று. எனினும் இந்நாளில் நம் நாட்டுச் சந்தையில் இப்பெயரால் விற்கப்படுவன பெரும்பாலும் பழைய தாளையும் அட்டையையும் மீண்டும் அரைத்துச் செய்தவை. ஒவ்வொரு முறை அரைபடும்போதும் நார் குறுகும், வலிமை குன்றும். கரூரை அடுத்த காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு அரசின் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதிற் புகழ்பெற்றது. சக்கையின் நாரும் ஊசியிலை மரத்தின் நாரைவிடக் குறுகியதே. நிறமும் கனமும் ஒத்த இரு பழுப்புத் தாள்கள் வலிமையில் வேறாயிருத்தல் கூடும். கண் இங்கே சான்றாகாது.

கண் சான்றாகாத மற்றொன்றும் உண்டு. 1807-இல் இல்லிக் என்னும் ஜெர்மானியர், மை ஊறாதிருத்தற்பொருட்டுக் குங்கிலியமும் படிகாரமும் கூழிற் சேர்க்கும் முறையை வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துத் தாள்களிற் பெரும்பகுதி இம்முறையால் ஆனது. படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுச் செல்கின்றது. நம் நூல்நிலையத்துப் பழம் புத்தகங்கள் தொட்டால் நொறுங்குவதற்கு அவ்வமிலமே காரணம். புத்தகத்தை மெல்ல அழிப்பது வாணத்தில் வேறு தீங்கு செய்யவல்லது. வாணமருந்துகளுட் சில அமிலம் பட்டால் தாமே பற்றிக்கொள்ளும் இயல்புடையன. பசையிலும் இவ்வச்சம் உண்டு. பைண்டு செய்வோர் பூச்சி அரியாதிருக்க மைதாப்பசையில் மயில்துத்தம் கலப்பர். புத்தகத்துக்கு அது காவல். சிலவகை வாணமருந்துகளின் பக்கத்தில் அதே மயில்துத்தம் பகையாகின்றது. பழைய குறிப்பேட்டையும் வீட்டுப் பசையையும் கொண்டு விளையாடப் புகும் சிறுவன் இவற்றை எங்ஙனம் அறிவான்? அத்தாள் எந்த ஆலையில் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அவனுக்கு விற்ற கடைக்காரரும் அறியார்.

காகிதத்துக்கு ஈரத்தோடு உள்ள உறவும் குறிக்கத்தக்கது. உலர்ந்ததாகத் தோன்றும் தாளிலும் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு நீர் உண்டு; காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் ஏறும். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் சென்னைக்குச் சேர்ந்தே வருகின்றமையின், மொட்டைமாடியில் முறத்திலும் பழைய செய்தித்தாளிலும் பட்டாசைப் பரப்பி வெயில் காட்டும் வழக்கம் ஆதம்பாக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. உலர்த்தப்படுவது மருந்து மாத்திரமன்று, காகிதமுந்தான். இச்சிறு ஈரத்திலும் ஒரு நன்மை உண்டு. பிளாஸ்டிக்கு உராய்வினால் மின்னேற்றம் கொண்டு பொறி தெறிக்கக்கூடும். காகிதமோ தன் ஈரத்தால் அவ்வேற்றத்தைத் தேங்கவிடாது கசியச்செய்யும்.

இவ்வளவு பயனுள்ள காகிதம் தமிழ்நாட்டில் எளிதிற் கிடைத்த பொருளன்று. மிஷன் கலாசாலையிற் பயில்வோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் தகும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1714, 1715-ஆம் ஆண்டுகளில். ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கின. ஆதலின் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்க நேர்ந்தது. அப்பொழுதும் தாள் போதவில்லை. அக்குறை தீர்க்கப் பக்கத்துப் பொறையாற்றில் ஒரு காகித ஆலை தொடங்கப்பட்டது; அது நெடுநாள் நிலைக்கவில்லை. வங்காளத்துச் சீராம்பூரில் கேரி ஐயரும் அவருடைய தோழரும் புழு அரிக்காத தாள் செய்து, 1820-இல் நீராவி இயந்திரத்தையும் வரவழைத்து அவ்வாலையை ஓட்டினர். வேதத்தை அச்சிடக் காகிதம் தேடியவர்களின் வழியே காகிதத்தொழிலும் நாட்டில் ஒருபடி ஏறியது.

காகிதத்தின் பொருட்டு ஒரு பெருங் கலகமும் மூண்டது. முற்காலத் துப்பாக்கிவீரன் மருந்தையும் குண்டையும் ஒரு காகிதப் பொதியிற் கட்டி வைத்து, பல்லாற் கடித்துக் கிழித்து நிரப்புவான். 1857-இல் புதிய என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த பொதியின் கொழுப்பைப்பற்றி எழுந்த ஐயம் யாவரும் அறிந்தது; அப்பொதித் தாளின் பளபளப்பே சிப்பாய்கள் பலருடைய ஐயத்தை வளர்த்தது என்பதைப் பலர் அறியார். தாளின் தோற்றத்தை நம்பாதவர் அன்றும் இருந்தனர். சித்திரம் எழுதுவதற்கு நம் மாணவர் வாங்கும் தடித்த தாளுக்குக் ‘கார்ட்ரிஜ் பேப்பர்’ என்னும் பெயர் அப்பொதியினின்றே வந்தது. பெயரின் பொருளை அறிந்து வாங்குவோர் சிலரே.

நம் காலத்து வாணக் காகிதத்தின் தலைநகர் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழில் வளர்ந்தது. மருந்து கையாளும் பழக்கத்தால் பட்டாசு வந்தது. இரண்டாம் உலகப்போரில் அயல்நாட்டுச் சரக்கு தடைப்படவே, 1940-களில் அது பெருந்தொழிலாயிற்று. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்றையும் ஒரே கயிற்றிற் கோத்துப் பார்த்தால் அக்கயிறு காகிதம் என்பது புலனாகும். அச்சகத்தில் கழிந்த தாளும் நாடெங்குமிருந்து வரும் பழைய தாளும் அவ்வூரில் குழலாகவும் பெட்டியாகவும் உருமாறுகின்றன. வெற்றுக் காகிதக் குழலைச் சுருட்டும் வேலையில் தீ அச்சமில்லை. மருந்து சேரும் இடத்திலேதான் உயிருக்கு ஊசலாட்டம். பழகிய கைகளுக்கும் அங்கே தப்பில்லை என்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட விபத்துக் காட்டிற்று.

சென்னையில் தாள்களின் வகையைக் கண்ணாரக் காண விரும்புவோர் பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெருவுக்குச் செல்லலாம். கலியாணப் பத்திரிகைத் தாள் முதல் கனத்த அட்டை வரை அங்கே கட்டுக்கட்டாய் விற்கும். ஒரு கட்டின் எடையையும் நீள அகலத்தையும் கேட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்டுப் பழகினால், பாடப்புத்தகம் தராத ஓர் அறிவு கைவரும். ஆதம்பாக்கத்தில் அத்தகைய கடைகள் இல்லை. பழைய பேப்பர்க் கடைகள் உண்டு. செய்தித்தாள் ஒரு விலை, குறிப்பேடு ஒரு விலை, அட்டை ஒரு விலை என்று தராசின்முன் அவர்கள் பிரிக்கும் பிரிவு, மேலே நாம் கூறிய நார்க்கணக்கையே பெரிதும் பின்பற்றுகின்றது. நாரை அவர்கள் படித்தறிந்தவரல்லர், விலையால் அறிந்தவர்.

இங்கே ஒரு பழக்கத்தைப்பற்றிச் சொல்லாதிருத்தல் ஆகாது. தீபாவளி முடிந்தபின் வெடிக்காத பட்டாசுகளைச் சிறுவர்கள் பொறுக்கி, கூட்டைப் பிரித்து, உள்ளிருப்பதைத் தாளிற் கொட்டிக் கொளுத்துவர். துணிந்தவர் வேறு குழலிலோ டப்பாவிலோ அடைப்பர். தொழிற்சாலை அளந்து சுற்றிய கூட்டை அவர்கள் நீக்குகின்றனர். அதனோடு, எத்தனை நொடியில் தீப்பற்றும், எங்கே கிழியும் என்னும் ஏற்பாடு முழுவதும் நீங்கிவிடுகின்றது. திரி இல்லை, ஓடுதற்கு வேளை இல்லை, முகம் தாளுக்கு ஒரு முழத்துக்குள் இருக்கின்றது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு ஆண்டுதோறும் தீபாவளியை எதிர்நோக்கித் தனியே ஆயத்தம் செய்கின்றது. வெடிக்காத பட்டாசை நீரில் அமிழ்த்திவிட வேண்டும். நீரில் ஊறினால் காகிதம் குழையும், பசை கரையும், கூடு கூடாக நில்லாது. நம் வீடுகளில் தம்பியரும் தங்கையரும் இருக்கின்றனர். இவ்வொன்றை அவர்களுக்குச் சொல்லிவைத்தல் நம் கடன்.

முடிவில், தெருவிற் கிடந்த துணுக்குகளுக்குத் திரும்புவோம். 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சரவெடி செய்தலும் விற்றலும் வெடித்தலும் தடுக்கப்பட்டன. காற்றுக்கும் காதுக்கும் கேடு என்பதோடு, அது விளைக்கும் குப்பையும் காரணமாகக் கூறப்பட்டது. அக்குப்பையின் பெரும்பகுதி காகிதமே. மாணவனின் குறிப்பேடு பழைய பேப்பர்க் கடைக்குச் செல்கின்றது. அங்கிருந்து கட்டாகக் கட்டப்பட்டுத் தெற்கே போகின்றது. குழலாகச் சுருண்டு, வண்ணத்தாள் போர்த்து, மீண்டும் ஆதம்பாக்கத்துக்கு வருகின்றது. இதுவரை ஒவ்வொரு முறையும் அரைத்து மீட்கப்பட்ட நார், இப்போது மீட்க இயலாததாகின்றது. மருந்தின் உப்பும் கரியும் படிந்த துணுக்கை எந்த ஆலையும் வாங்காது. தீபாவளி மறுநாள் விடியுமுன் துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளர், மழை பெய்திருந்தால், தார்ச்சாலையில் ஒட்டிக்கொண்ட அத்தாளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கின்றார்.